நாலு இழைப் பிணைப்பு

அம்சவேணிக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்க பொண்ணு வத்தக்குழம்பு வச்சான்னா தெருவே மணக்கும்" என்று கண்ணிமைக்காமல் சொன்னவள் அவள். அந்தப் பெண் கீர்த்திக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் யாராவது அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தால். அவ்வளவு தைரியமான அம்சவேணிக்கே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்னப் பொய் தொண்டையில் மாத்திரை மாதிரி நின்றுவிட்டது.

"ம்மா, இந்த வயர்ல இன்னாமா டேப் சுத்திக்கினு இருக்குது?" என்று கீர்த்தி மேசைக்கு அடியிலிருந்து கேட்டாள்.

"எலிமா. எலி கடிச்சிடப் போவுதுன்னு நான்தான் சுத்தி வச்சேன்."

கீர்த்தி நம்பிவிட்டாள். எலிக்குப் பயந்து பட்டு நூலை டிரம்மில் போட்டு மூடிவைக்கிற வீடு. வயருக்கு டேப் சுற்றியதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவள் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக நம்பியதுதான் அம்சவேணிக்குத் தாங்கவில்லை.

அது கீர்த்தியின் கீபோர்டையும் லேப்டாப்பையும் சேர்க்கிற வயர். அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கட்டையை அழுத்தினால் டொக் டொக்கென்று பல்லாங்குழிச் சத்தம்தான் வரும். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற சேதி வயர் வழியே லேப்டாப்புக்குப் போய், அங்கேதான் அது வயலினாகவோ புல்லாங்குழலாகவோ ஆகும். இன்றைக்குக் கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. லேப்டாப்போ, என்னவோ செருகியிருக்கிறீர்கள், அது என்ன என்றே தெரியவில்லை என்று இங்கிலீஷில் திரும்பத் திரும்பக் கைவிரித்தது.

மணி எட்டரை. பத்து மணிக்குப் பரீட்சை.

பரீட்சை என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை. சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கீபோர்டு வாசிக்க ஓர் உதவியாள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வந்த விண்ணப்பங்களில் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்ததில் பிள்ளையார்பாளையத்துக் கீர்த்தியும் ஒருத்தி. பத்து மணிக்கு ஒரு மெட்டு அனுப்புவார்கள். பதினோரு மணிக்குள் அதற்குப் பின்னணி வாசித்து அனுப்ப வேண்டும். வாசித்த ஒவ்வொரு ஸ்வரத்தையும் கம்ப்யூட்டர் பிடித்திருக்க வேண்டும், செல்போனில் பதிந்து அனுப்பினால் செல்லாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பட்டுக்கடை பில் கவுண்டரில் நாள் முழுக்க நின்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூன்று வருஷமாக அவள் டொக் டொக்கென்று தட்டியதெல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் யாரும் இல்லை. கீர்த்தி கடைக்குப் போயிருந்தாள், கணவர் உமாபதி நெசவாளர் சொஸைட்டிக்கு. அம்சவேணி மேசைக்கு அடியில் கிடந்த பழைய மெத்தைச் சுருட்டை வெளியே இழுத்தாள். நைலான் கயிற்று முடிச்சு அவிழவில்லை. ஊரில் யார் வீட்டுப் பட்டு நூல் சிக்கினாலும் பொறுமையாக உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பவள், இந்த ஒரு முடிச்சுக்குப் பொறுக்க மாட்டாமல் பிளேடை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தாள். கயிறு அறுந்தது. கயிற்றுக்குப் பின்னால் போன கறுப்பு வயரும் அறுந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் உடனே போனை எடுத்து, "தெரியாம அறுந்துபோச்சுமா" என்று சொல்லி முடித்திருப்பாள். அம்சவேணியால் முடியவில்லை. காரணம் அவளுடைய வாய்தான். ஆரணி வரனை வேண்டாம் என்று கீர்த்தி சொன்ன அன்றைக்கு, வீட்டில் எட்டு வீடு கேட்கும்படி ஒரு சண்டை. அந்தச் சண்டையின் உச்சத்தில், "ஒரு நாளு இல்ல ஒரு நாளு இந்த வயர அறுத்து கடாசப் போறேன் பாரு, அப்பதான் நீ வழிக்கு வருவ!" என்று கத்தியிருந்தாள். கீர்த்தி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்லி முழுசாக ஒரு மாசம் ஆகவில்லை, வயர் அறுந்து கிடக்கிறது. தெரியாமல் அறுந்தது என்றால் யார் நம்புவார்கள்? அவளே கூட நம்ப மாட்டாள்.

அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு தெருமுனை மொபைல் கடைக்கு ஓடினாள். கடைக்காரன் கீபோர்டு பக்கத்துச் சதுர முனையைப் பார்த்து, "இந்த மாதிரி எங்க கிட்ட இல்லக்கா, சார்ஜர் வயர்தான் இருக்குது. திங்கக்கெழம காந்தி ரோட்டுல கேளு" என்றான். திங்கட்கிழமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திரும்பி வரும்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அறுந்ததைச் சேர்ப்பதுதானே நம் பிழைப்பு?

அம்சவேணி இருபத்தாறு வருஷமாகப் பாவு பிணைக்கிறவள். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், நெய்து முடிந்ததும் அதன் நுனியைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பழையது அரக்கு நிறமாக இருக்கும், புதியது மயில்பச்சையாக இருக்கும். நிறத்தைப் பற்றிப் பிணைக்கிறவளுக்கு என்ன கவலை? முதல் இழைக்கு முதல் இழை, இரண்டாவதுக்கு இரண்டாவது. வரிசை மாறாமல், ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

லேப்டாப் பக்கத்து முனை நாலு விரற்கடைதான் மிஞ்சியிருந்தது. தோலை உரிக்கிறேன் என்று அதையும் பாழாக்கினாள். பிறகு பரணில் கிடந்த செத்துப்போன மவுஸின் வாலை அறுத்து எடுத்தாள். முனை ஒரே மாதிரி இருந்தது, நிறமும் கறுப்பு. பழைய வயருக்குள் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நாலு கம்பிகள் இருந்தன. மவுஸ் வாலைப் பிரித்துப் பரப்பியபோது சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என்று கிடந்தன. ஆயிரக்கணக்கில் பிணைக்கிறவளுக்கு நாலு இழை ஒரு வேலையா? முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு. முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டேப் சுற்றி, மேலே மொத்தமாக ஒரு சுற்று. டேப் சுருளும் அத்தோடு தீர்ந்தது. தன் கைவேலையைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இரவு கீர்த்தி முகூர்த்தக் கூட்டத்தில் நின்று நின்று களைத்து வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அம்சவேணி மனசுக்குள் ஏகாம்பரநாதருக்கு ஒரு கற்பூரம் வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் லேப்டாப் கைவிரித்தது.

ஒன்பது மணிக்கு ஏஞ்சல் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கீர்த்தியின் சிநேகிதி. செவிலிமேட்டில் வீடு, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவள், கீர்த்திக்கு முதன்முதலில் கட்டை எது ஸ்வரம் எது என்று காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். வாரநாளில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. காலை ஆராதனைக்கு வேறு ஆளை வாசிக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எதுவும் பயப்படாதடி," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தாள். லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். பழைய டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் டிங் என்று ஒரு சத்தம், பிறகு அதே கைவிரிப்பு.

தறியில் உட்கார்ந்திருந்த உமாபதி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "கரண்டு ஒழுங்கா வருதான்னு பாத்தீங்களாமா?"

"அதெல்லாம் வருது அங்கிள். பாருங்க, லைட் எரியுது. லைட் எரியுதுன்னா கேபிள் ஓகேன்னு அர்த்தம்."

அம்சவேணிக்கு ஒரு நொடி உயிர் வந்தது. படித்த பெண், இதே வேலையில் இருப்பவள், அவளே சொல்லிவிட்டாள். அப்படியென்றால் கோளாறு வேறு எங்கேயோ. நம் பிணைப்பில் இல்லை. அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கும் டீ போட்டாள். சர்க்கரையை இரண்டு தடவை போட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. நேற்று மத்தியானம் வரைக்கும் நன்றாக இருந்தது, நேற்று மத்தியானம்தான் அறுந்தது, இன்றைக்கு வேலை செய்யவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

டீயோடு வந்தபோது ஏஞ்சல் தன் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து அதில் செருகிக்கொண்டிருந்தாள். டிங். அங்கேயும் அதே கைவிரிப்பு.

ஏஞ்சல் மெல்ல நிமிர்ந்தாள். "கீர்த்தி, உன் லேப்டாப்புல ஒன்னும் இல்லடி. கீபோர்டுலதான். உள்ள போர்டு போயிருக்கும்னு நெனைக்கிறேன்."

"இன்னிக்கு சரி பண்ண முடியுமா?"

"சென்னைக்கு அனுப்பணும். ஒரு வாரம் ஆவும். சர்ச் கீபோர்டு ஆராதனையில இருக்குது, எங்க கடையும் இன்னிக்கு லீவுடி."

கீர்த்தி அழவில்லை. அழுதிருந்தால் அம்சவேணி தாங்கியிருப்பாள். அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவுக்குச் செய்தி அடிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பதிலாக அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும். கட்டைமேல் அவ்வளவு வேகமாக ஓடுகிற விரல், ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று போயிற்று. சுவரில் மணி ஒன்பது முப்பத்தைந்து.

அம்சவேணி டீத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"அனுப்பாத. கீபோர்டுக்கு ஒன்னும் ஆவல. வயர நான்தான் அறுத்தேன்."

உமாபதி தறிமேல் வைத்திருந்த கையை எடுத்தார்.

"நேத்து மத்தியானம். நானே பிணைச்சிட்டேன். எலின்னு சொன்னது பொய்."

கீர்த்தி அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "சொன்ன மாதிரியே செஞ்சிட்ட இல்ல?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தாள் அம்சவேணி. அது வந்தே விட்டது. வந்த பிறகு, தெரியாமல் அறுந்தது, மெத்தைக் கயிறு, பிளேடு என்று வரிசையாகச் சொல்ல வைத்திருந்த ஒன்றும் வெளியே வரவில்லை. பேச நேரமும் இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து வயரை இழுத்து, டேப்பைப் பிரித்து, நாலு இழையையும் ஏஞ்சலின் முன்னால் விரித்துக் காட்டினாள்.

ஏஞ்சல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஆன்ட்டி, செவப்புக்கு செவப்பு, கருப்புக்கு கருப்பு கரெக்டா போட்டுட்டு, நடுவுல வெள்ளைக்கு ஏன் பச்சையப் போட்டீங்க?"

"ரெண்டாவதுக்கு ரெண்டாவதுதானே போடணும்? கலர எதுக்குமா பாக்கணும்? அரக்குப் பாவுல பச்சைப் பாவு பிணைக்கிறது இல்லயா?"

ஏஞ்சல் சிரித்தேவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. "ஐயோ ஆன்ட்டி! செவப்பும் கருப்பும் கரண்டு கொண்டு போறது. அதனாலதான் லைட் எரிஞ்சுது, நானும் ஏமாந்துட்டேன். வெள்ளையும் பச்சையும்தான் சேதி கொண்டு போறது. இங்க வரிசை கணக்கே இல்ல. கலருக்குக் கலர்!"

"குறுக்க போவுமேமா?"

"போவட்டும் ஆன்ட்டி. இங்க குறுக்க போனாதான் சரி."

இருபத்தாறு வருஷத்தில் ஓர் இழையைக்கூடக் குறுக்கே விடாதவள், கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, நடு இரண்டையும் பிரித்தாள். வெள்ளையைத் தூக்கி, பச்சையைக் கீழே விட்டு, நிறத்துக்கு நிறம் வைத்து முறுக்கினாள். ஏஞ்சல் செய்திருந்தால் கால் மணி ஆகியிருக்கும். அம்சவேணியின் விரலுக்கு அது இரண்டு முறுக்கு.

"டேப் எங்க ஆன்ட்டி? ஒன்னோட ஒன்னு பட்டுடக் கூடாது."

டேப் இல்லை. உமாபதி தறிப் பக்கம் போய்க் கழிவுப் பட்டு ஒரு கொத்தை எடுத்துவந்து மனைவியின் கையில் கொடுத்தார். மயில்பச்சை. அம்சவேணி ஒவ்வொரு கம்பிக்கும் நெருக்கமாகப் பட்டைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சிட்டாள். கீர்த்தி அருகில் வந்து நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்சவேணி நிமிர்ந்து மகளைப் பார்க்கவில்லை, பயம்.

ஏஞ்சல் செருகினாள். டிங். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். கைவிரிப்பு வரவில்லை. கீபோர்டின் பெயர் வந்தது.

கீர்த்தி ஒரு கட்டையை அழுத்தினாள். லேப்டாப்பிலிருந்து வயலின் ஒரே ஒரு ஸ்வரம் நீளமாக வந்து நின்றது. அவள் கை எடுத்ததும் வயர் லேசாக ஆடியது. திரையிலிருந்த பெயர் மறைந்து, மறுபடியும் வந்தது.

"ஈயத்த உருக்கி சால்டர் வச்சா நிக்கும். அதுக்கு டைம் இல்லியே," என்றாள் ஏஞ்சல். மணி பத்தாக ஆறு நிமிஷம். "எதுலயாவது அசையாம கட்டி வைக்கணும்."

"கட்ட வேணாம்," என்று சொல்லிவிட்டு அம்சவேணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பட்டுச் சுற்றிய இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டாள். "நீ வாசி."

உமாபதி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தறிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தார். பத்து மணிக்கு மெட்டு வந்தது. கீர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மேசைக்கு அடியில் இருப்பவளுக்கு இசை ஒன்றும் கேட்காது. தலைக்கு மேலே டொக் டொக், கண்ணெதிரே மகளின் இரண்டு பாதங்கள். தொடக்கத்தில் அந்தப் பாதங்கள் அசையாமல் தரையில் ஊன்றியிருந்தன. கொஞ்ச நேரத்தில் வலது கால் மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தது. அம்சவேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போனது, முதுகு பிடித்துக்கொண்டது, மூக்கு நுனியில் அரித்தது. விரலை அவள் அசைக்கவில்லை. இந்த வயரைத்தான் கடாசப் போவதாக அன்றைக்குச் சொன்னாள். பேசிய அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று நினைத்து, தன்பாட்டுக்கு அழுதாள். மூக்கை உறிஞ்சினால் மேலே கேட்டுவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது டொக் டொக் நின்றது. எலிக்குட்டி கடிக்கிற மாதிரி மவுஸ் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு ஏஞ்சல், "போயிடுச்சு! போயிடுச்சுடி!" என்று கத்தினாள்.

கீர்த்தி குனிந்து பார்த்தாள். அப்புறம் அவளே மேசைக்கு அடியில் நுழைந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அனுப்பிட்டேன். விடும்மா."

"நெஜமா போயிடுச்சா? விட்டா நின்னுடப் போவுது."

"போயிடுச்சும்மா. இனிமே வயர் வேணாம்." கீர்த்தி ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் காதில் மாட்டினாள். கையை மேலே நீட்டி எதையோ அழுத்தினாள்.

மூன்று வருஷமாக ஒரே வீட்டில் டொக் டொக்கென்று மட்டுமே அம்சவேணி கேட்டுவந்தது, முதன்முதலாக அவள் காதுக்குள் வந்தது. எத்தனை வாத்தியங்கள் என்று அவளுக்கு எண்ணத் தெரியவில்லை. ஒன்று போய் ஒன்று வந்தது, ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போனது, எங்கேயும் சிக்கவில்லை. அது முடிகிறவரை அவள் வயரை விடவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றியதும், அவ்வளவு நேரம் வராதது தானாக வந்தது. "மெத்தக் கயிறுன்னு நெனச்சி இழுத்துட்டேன்டி. வேணும்னு அறுக்கல."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"டேப்ப பிரிச்சப்பவே. வேணும்னு அறுத்தவ இவ்ளோ பொறுமையா ஒன்னொன்னா பிணைச்சி வச்சிக்கினு இருப்பாளா?" கீர்த்தி அம்மாவின் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக வயரிலிருந்து பிரித்துவிட்டாள். கட்டைவிரலில் நாலு கோடு சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "ஆனா ஒன்னு. அடுத்த வாட்டி யாராச்சும் பொண்ணு பாக்க வந்தா, வத்தக்குழம்பு கதையெல்லாம் வுடாத," என்றாள்.

"வுடல," என்றாள் அம்சவேணி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணு கீபோர்டு வாசிப்பான்னு சொல்றேன்."